டவுன்லோடு ஓடும்போது வாட்ஸ்ஆப் அழைப்பு மட்டும் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி இதுதான்: "4ஜி போனில் பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்ஆப்பில் பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறது. அதே நேரத்தில் சாதாரண அழைப்பில் பேசினால் தெளிவாக இருக்கிறது. சிக்னல் முழுதாக இருக்கிறது, ஸ்பீடும் நன்றாகவே காட்டுகிறது. ஒரே டவர், ஒரே சிம், ஒரே போன். பிறகு எப்படி இந்த வித்தியாசம்? யாருடைய டேட்டா முதலில் போக வேண்டும் என்பதை டவரில் எது முடிவு செய்கிறது?"

சுருக்கமான விடை: உங்கள் வாட்ஸ்ஆப் குரலும் உங்கள் டவுன்லோடும் டவரில் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சாதாரண அழைப்பு, அதாவது வோல்ட்டி (4ஜி நெட்வொர்க் வழியாகவே போகும் போன் அழைப்பு) குரல், தனி வரிசையில் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்த வரிசையிலிருந்து எப்போது பாக்கெட்டை (டேட்டாவின் சிறு பொட்டலத்தை) எடுத்து அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர். இன்னொன்று, அந்த வரிசையில் எவ்வளவு டேட்டா வந்து சேரலாம் என்று கட்டுப்படுத்தும் ஓட்டக் கட்டுப்பாடு. பாடப்புத்தகங்கள் முதலாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும், இரண்டாவதை ஒரு பத்தியில் முடித்துவிடும். பயன்படுத்துகிறவர் படும் அவதியில் பெரும்பகுதி இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் ஷெட்யூலரிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

4ஜி டவரில் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருந்தால் அது தலா 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 ரிசோர்ஸ் பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த மில்லி விநாடியில் எந்த பிளாக் எந்த போனுக்கு என்று ஷெட்யூலர் பங்கிடுகிறது. அடுத்த மில்லி விநாடியில் மறுபடியும் முதலிலிருந்து பங்கீடு. இதற்கு உதவியாக ஒவ்வொரு போனும் தனக்கு ரேடியோ நிலவரம் எப்படி இருக்கிறது என்று 0 முதல் 15 வரை ஓர் எண்ணை டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 15 என்றால் ஒரே பிளாக்கில் நிறைய பிட்டுகளைத் திணித்து அனுப்பலாம். 2, 3 என்றால் கொஞ்சம்தான், அதுவும் பலத்த பிழைத்திருத்தப் பாதுகாப்போடு.

இந்த எண் நிலையாக இருப்பதில்லை. நீங்கள் நடந்தால் மாறும், பக்கத்தில் ஒரு லாரி போனால் மாறும், நின்ற இடத்தில் தலையைத் திருப்பினாலும் மாறும். ஃபைபர் இணைப்புக்கும் மொபைலுக்கும் அடிப்படை வித்தியாசமே இங்கேதான்: குழாயின் அகலம் ஒவ்வொரு கணமும் மாறுகிறது, அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு விதமாக.

இந்த மாற்றத்தைத் தொல்லையாக நினைக்காமல் சாதகமாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் மொபைல் ஷெட்யூலிங்கின் மிக அழகான கருத்து. 1995-இல் நாப், ஹம்ப்லெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது இது: பலர் காத்திருக்கும்போது, அந்தக் கணத்தில் யாருக்கு ரேடியோ நிலவரம் நன்றாக இருக்கிறதோ அவருக்கே முறை கொடுத்தால் மொத்தக் கொள்ளளவு கூடுகிறது. ஆனால் அதை அப்படியே செய்தால் டவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள், ஓரத்தில் இருப்பவர் பட்டினிதான். எல்லோருக்கும் சமமாக மாற்றி மாற்றி முறை கொடுத்தால், நிலவரம் மோசமாக இருக்கும் கணத்திலும் முறை வந்துவிடும், அலைக்கற்றை வீணாகும். இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் விகித நியாய ஷெட்யூலர். குவால்காம் நிறுவனம் உருவாக்கிய 1எக்ஸ் இவி-டிஓ என்ற 3ஜி முறையில் இது நடைமுறைக்கு வந்தது. இந்த விதியை வடிவமைத்தவர் என்ற பெருமை டேவிட் சே-க்கு உரியது. அதன் பின்னால் இருக்கும் விகித நியாயம் என்ற கணிதக் கருத்தை, தரைவழி நெட்வொர்க்குகளை மனத்தில் வைத்து 1990-களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் கெல்லி வகுத்திருந்தார்.

விதி ஒரே வரி: இந்தக் கணத்தில் இந்த போனுக்கு முடிகிற வேகத்தை, இதுவரை அதற்குக் கிடைத்த சராசரி வேகத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு விடை பெரிதோ அவருக்கு முறை.

எண்களை வைத்துப் பார்ப்போம். டவரை ஒட்டி இருக்கும் போன் ஒன்று. சராசரியாக அதற்கு விநாடிக்கு 5 மெகாபிட் கிடைத்து வருகிறது, இந்தக் கணத்தில் 9 மெகாபிட் முடியும். 9-ஐ 5-ஆல் வகுத்தால் 1.8. செல்லின், அதாவது அந்த டவர் எட்டும் பரப்பின், ஓரத்தில் இன்னொரு போன். அதற்குச் சராசரி 0.5, ஆனால் இந்தக் கணத்தில் 1.2 முடியும். வகுத்தால் 2.4. முறை ஓரத்து போனுக்கு. பக்கத்து போனுக்குக் கொடுத்திருந்தால் ஏழரை மடங்கு பிட்டுகள் போயிருக்கும், இருந்தும் ஓரத்தவருக்கே போகிறது. ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை இது நல்ல நேரம், இதை விட்டால் அவருக்கு வேறு நல்ல நேரம் இல்லை. சில மில்லி விநாடிகள் கழித்து ஓரத்து போனின் வேகம் 0.6-க்கு இறங்குகிறது, விகிதம் 1.2. பக்கத்து போன் 11-க்கு ஏறுகிறது, விகிதம் 2.2. இப்போது முறை மாறுகிறது. அவரவர் அலையின் உச்சத்தில் அவரவரைப் பிடிப்பது, அவ்வளவுதான். இருவரும் நேரத்தை ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், வேகத்தை அவரவர் நிலைமைக்கு ஏற்பப் பெறுகிறார்கள்.

சராசரியை எவ்வளவு நேரத்துக்குக் கணக்கிடுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 1எக்ஸ் இவி-டிஓ-வில் ஒரு ஸ்லாட் 1.67 மில்லி விநாடி. சராசரிக்கு ஆயிரம் ஸ்லாட் அளவிலான காலத்தை எடுத்துக்கொண்டார்கள், ஏறத்தாழ 1.67 விநாடி. இதை நீட்டினால் உச்சத்துக்காகப் பொறுமையாகக் காத்திருக்கலாம், மொத்த வேகம் கூடும், தாமதமும் கூடும். குறைத்தால் முறை சீக்கிரம் வரும், ஆதாயம் குறையும். கோப்பு இறங்குவதற்கு முதலாவது பொருந்தும், குரலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

அதனால்தான் எல்லா டேட்டாவையும் ஒரே மாதிரி நடத்த முடியாது என்று 4ஜி-யில் பேரர் என்ற ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு போனுக்கும் டவரில் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனி வரிசைகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் க்யூசிஐ என்று ஒரு தர எண். வோல்ட்டி குரலுக்கு எண் 1: பாக்கெட் 100 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும், நூற்றில் ஒன்று தொலைந்தாலும் பரவாயில்லை, வேகத்துக்கு உத்தரவாதம் உண்டு. இணையத்துக்கான பொது வரிசைக்குப் பெரும்பாலும் எண் 9: 300 மில்லி விநாடி வரை தாமதம் ஏற்கத்தக்கது, வேகத்துக்கு உத்தரவாதம் கிடையாது. நீங்கள் சாதாரண அழைப்பில் பேசும்போது அந்த அழைப்புக்கென்றே எண் 1 பேரர் ஒன்று உருவாகிறது, அழைப்பு முடிந்ததும் கலைகிறது. 20 மில்லி விநாடிக்கு ஒரு குரல் பாக்கெட் வருவது ஷெட்யூலருக்கு முன்பே தெரியும், அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்க்கிறது.

வாட்ஸ்ஆப் அழைப்புக்கு இந்த வசதி கிடையாது. டவரின் கண்ணுக்கு அதுவும் இணைய டேட்டாதான். உங்கள் டவுன்லோடு, மெயில், பின்னணியில் ஓடும் ஆப் அப்டேட் எல்லாம் நிற்கும் அதே பொது வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது.

அந்த வரிசை எவ்வளவு நீளம்? ஒரு போனுக்கு டவரில் 2 மெகாபைட் டேட்டா தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 16 மெகாபிட். உங்களுக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால், புதிதாக வரும் குரல் பாக்கெட் தன் முறைக்கு 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு சுவருக்குப் பின்னால் போய் வேகம் 4 மெகாபிட்டாக இறங்கினால் அதே வரிசை 4 விநாடி ஆகிவிடுகிறது. உரையாடலுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். இங்கே நிலைமை அதையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. அதோடு தாமதம் ஏறியிறங்கிக்கொண்டே இருப்பதால், நேரம் கடந்து வரும் குரல் துண்டுகளை ஆப் தூக்கி எறிந்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் விட்டு விட்டு வரும் குரல் அதுதான். ஸ்பீடு டெஸ்ட் இதைப் பெரிதாகக் காட்டாது, ஏனென்றால் வரிசை நிறைந்திருந்தாலும் குழாய் நிரம்ப ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று: உங்கள் டவுன்லோடு பக்கத்து வீட்டுக்காரரின் வரிசைக்குள் நுழைவதில்லை. டவரில் ஆளுக்குத் தனி வரிசை. அவருக்குக் கிடைக்கும் வேகத்தில் பங்கு குறையலாம், ஆனால் உங்கள் கோப்புக்குப் பின்னால் அவருடைய குரல் நிற்பதில்லை. உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு லேப்டாப்பும் டவருக்கு ஒரே போன்தான். ஒன்றில் விண்டோஸ் அப்டேட் இறங்கினால் மற்றதில் ஜூம் கூட்டம் திக்கித் திணறும்.

இனி முக்கியமான கேள்வி: 2 மெகாபைட் அங்கே ஏன் வந்து குவிகிறது? அனுப்புகிற சர்வர் நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

இணையத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் டிசிபி, அதாவது அனுப்பும் முனையும் பெறும் முனையும் பின்பற்றும் விதிமுறை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சில நூறு மீட்டர் தூரத்தில், வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. நெரிசலில் எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்பியதால் வந்த வினை. அதற்கு வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வின் சாரம்: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைக் குறை. தொலையாதவரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போ. லினக்ஸில் பல ஆண்டுகளாக இயல்பாக இருக்கும் க்யூபிக் என்ற டிசிபி வகையும் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

மொபைல் ரேடியோ இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. காற்றில் பாக்கெட் கெடுவது சகஜம். முதல் முயற்சியில் பத்தில் ஒன்று கெடட்டும் என்று திட்டமிட்டே 4ஜி டவர் வேகத்தைத் தேர்வு செய்கிறது. கெட்டதை ஏறத்தாழ 8 மில்லி விநாடியில் மறுபடி அனுப்பிவிடும் ஹெச்ஏஆர்க்யூ. அதிலும் தப்பியதை ஆர்எல்சி என்ற அடுக்கு மீண்டும் கேட்டு வாங்கும். இதன் விளைவாக டிசிபி-யின் கண்ணுக்கு இழப்பே தெரிவதில்லை. இழப்பு இல்லை என்றால் நெரிசல் இல்லை என்பது அதன் கணக்கு. அதனால் கூட்டிக்கொண்டே போகிறது, டவரின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவக இடம்) நிரம்பி வழிந்து ஒரு பாக்கெட் விழும்வரை. குழாயின் அகலம் ஏறியிறங்கும் என்பதால் டவர் தயாரிப்பவர்களும் பஃபரைத் தாராளமாகவே வைக்கிறார்கள். ரேடியோ திடீரென்று நன்றாகும் கணத்தில் அனுப்புவதற்குக் கையில் டேட்டா இல்லாமல் போனால் ஷெட்யூலரின் சாமர்த்தியம் அத்தனையும் வீண், அந்தப் பயம் நியாயமானதே. ஜிம் கெட்டிஸ் 2010-இன் இறுதியிலிருந்து பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்து எல்லோர் கவனத்துக்கும் கொண்டுவந்த நோய் இதுதான், மொபைலில் அது இன்னும் முற்றிய வடிவத்தில் இருக்கிறது.

பழைய மொபைல் தலைமுறைகள் இதை அறியாமல் இல்லை. 2ஜி-யின் ஜிபிஆர்எஸ்-இலேயே டவர்ப் பக்கம் கோர் நெட்வொர்க்குக்கு (டவர்களை இணையத்தோடு இணைக்கும் மைய நெட்வொர்க்குக்கு) இரண்டு எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்: என் வாளி இவ்வளவு பெரியது, அது இந்த வேகத்தில் ஒழுகுகிறது. வாளி வழியாத அளவுக்கு மேலிருந்து ஊற்ற வேண்டும். செல்லுக்கு ஒரு வாளி, தனித்தனி போனுக்கும் ஒரு வாளி.

3ஜி-யில் கதை சுவாரசியமாகிறது. முதலில் ஷெட்யூலிங் எல்லாம் ஆர்என்சி என்ற கட்டுப்பாட்டு நிலையத்தில் நடந்தது. நூற்றுக்கணக்கான டவர்களுக்கு ஓர் ஆர்என்சி இருக்கும், டவருக்கும் அதற்கும் பல கிலோமீட்டர் இருக்கலாம். அங்கிருந்து ரேடியோவின் மில்லி விநாடி மாற்றங்களைப் பின்தொடர முடியாது. 2002-இல் வந்த தரநிலைப் பதிப்பான ரிலீஸ் 5-இல் ஹெச்எஸ்டிபிஏ என்ற வேகமான டவுன்லோடு முறை ஷெட்யூலரை டவருக்கே கொண்டுவந்தது, 2 மில்லி விநாடிக்கு ஒரு முடிவு. ஆனால் ஆர்எல்சி ஆர்என்சியிலேயே தங்கிவிட்டது. ஆக டேட்டா இரண்டு இடங்களில் காத்திருக்க வேண்டிய நிலை: மேலே ஆர்என்சியில், கீழே டவரில். எதில் எவ்வளவு என்பதே புதுப் பிரச்சினை.

இதற்காக ஆர்என்சி "என்னிடம் இந்தப் போனுக்கு இவ்வளவு இருக்கிறது" என்று கேட்கும், டவர் "அடுத்த இத்தனை மில்லி விநாடிக்கு இத்தனை பாக்கெட் அனுப்பு" என்று அனுமதி தரும். செய்திகளின் வடிவம்தான் தரநிலையில் உண்டு. எவ்வளவு அனுமதி தருவது என்ற கணக்கைத் தயாரிப்பாளர்களிடமே விட்டுவிட்டார்கள், அதனால் ஒரே தரநிலைப்படி செய்த இரண்டு டவர்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளலாம்.

கணக்கு தவறினால் என்ன ஆகும்? ஒரு போன் 2 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது, டவர் தாராளமாக 250 கிலோபைட்டுக்கு அனுமதி தந்து வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு விநாடிக்கான சரக்கு. போன் செல் ஓரத்துக்கு நகர்ந்து வேகம் 200 கிலோபிட்டாகிறது. இப்போது அதே சரக்கு தீர 10 விநாடி. ஆர்என்சியில் இருக்கும் ஆர்எல்சி பதில் வராததைப் பார்த்து, தொலைந்துவிட்டது போலும் என்று அதே பாக்கெட்டுகளை மறுபடி அனுப்பத் தொடங்கலாம். அதற்குள் போன் அடுத்த டவருக்கு மாறிவிட்டால் பழைய டவரில் இருந்தது அத்தனையும் குப்பை, மேலிருந்து புதிதாக வர வேண்டும். கஞ்சத்தனமாக அனுமதி தந்தாலோ, ரேடியோ நன்றாகும் கணத்தில் கை காலி. சரியான அளவு, அந்த போனுக்குக் கடைசியாகக் கிடைத்த வேகத்தை, ஆர்என்சிக்கும் டவருக்கும் இடையே ஒருமுறை போய்வரும் நேரத்தால் பெருக்கி அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு. ஷெட்யூலர் அந்த போனை எப்படி நடத்துகிறது என்பது தெரியாமல் இதைக் கணக்கிட முடியாது. இரண்டையும் தனித்தனியாக வடிவமைத்த இடங்களில் ஷெட்யூலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பலன் கிடைக்கவில்லை. டவருக்கும் ஆர்என்சிக்கும் இடையே 2 மெகாபிட் இ1 இணைப்புகள் மட்டுமே இருந்த இடங்களில் ரேடியோவை விட அந்தக் கம்பியே நெரிந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பின்னர் வந்த பதிப்புகளில் ஒவ்வொரு தொகுப்புக்கும் வரிசை எண்ணும் நேரக்குறியும் சேர்க்க வேண்டி வந்தது.

4ஜி ஆர்என்சியையே எடுத்துவிட்டது. எல்லா வேலையும் டவரில். வடிவம் எளிமையானது, கூடவே மேலிருந்து கீழே வரும் பாதையில் ஓட்டக் கட்டுப்பாடும் போய்விட்டது. கோர் நெட்வொர்க், ஜிடிபி சுரங்கம் என்ற இணைப்புப் பாதை வழியாக, வந்ததை வந்தபடி டவரில் கொட்டுகிறது. போதும் என்று சொல்ல டவருக்கு வழியில்லை. கட்டுப்பாடு முழுக்க டிசிபி-யை நம்பி விடப்பட்டது, டிசிபி-க்கோ இழப்பு கண்ணில் படாது. உங்கள் வாட்ஸ்ஆப் குரல் திணறுவதற்கு நேரடிக் காரணம் இந்தக் கூட்டணி.

5ஜி-யில் பழையது வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. டவரின் வேலையை மேலே ஒரு மத்தியப் பிரிவு, கீழே ஒரு விநியோகப் பிரிவு என்று பிரிக்கலாம். பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் ஒட்டும் பிடிசிபி என்ற அடுக்கு மேலே, ஆர்எல்சியும் ஷெட்யூலரும் கீழே. ஆகவே கீழ்ப்பிரிவு மேலே தொடர்ந்து நிலவரம் சொல்கிறது: எந்த எண் வரை போய்ச் சேர்ந்தது, எனக்கு எவ்வளவு பஃபர் வேண்டும், எந்த வேகத்தில் வேண்டும். 4ஜி-யும் 5ஜி-யும் சேர்ந்து ஒரே போனுக்கு டேட்டா தரும் நெட்வொர்க்குகளில் இது இன்னும் அவசியம். எந்தக் காலில், அதாவது 4ஜி, 5ஜி என்ற இரண்டு பாதைகளில் எதில், எவ்வளவு அனுப்புவது என்பதை இந்த அறிக்கையை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஒரு கால் மெதுவானால், மற்ற காலில் வேகமாக வந்துவிட்ட பாக்கெட்டுகள் போனுக்குள் வரிசை சேர்வதற்காகக் காத்துக் கிடக்கும்.

வரிசையைக் குட்டையாக வைக்க வேறு வழிகளும் வந்திருக்கின்றன. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் தந்த கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லி விநாடி முழுக்கக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், ஒரு பாக்கெட்டைக் கைவிட்டு டிசிபி-க்குச் சேதி சொல்கிறது. மொபைலில் இதை அப்படியே பொருத்த முடியாது: பிடிசிபி எண் ஒட்டிய பிறகு நடுவிலிருந்து ஒன்றை உருவினால் போன் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும். ஆகவே எண் ஒட்டுவதற்கு முன்பே வரிசையை நிறுத்தி, ஷெட்யூலருக்கு உடனே தேவைப்படும் அளவை மட்டும் கீழே விட வேண்டும். இதுவும் ஓட்டக் கட்டுப்பாடுதான், ஒரே பெட்டிக்குள் நடக்கிறது. கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் என்ற வேகக் கட்டுப்பாட்டு முறை இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது: இழப்புக்காகக் காத்திராமல், கிடைக்கும் வேகத்தையும் குறைந்தபட்சத் தாமதத்தையும் சர்வரே அளந்து அதற்குத் தக்கபடி அனுப்புகிறது. எல்4எஸ் என்ற புதிய ஏற்பாட்டில் டவர் பாக்கெட்டைக் கைவிடாமல் அதன்மேல் ஒரு நெரிசல் குறி மட்டும் போடும். அதற்கான ஆதரவு 5ஜி-யின் ரிலீஸ் 18-இல் சேர்ந்திருக்கிறது. நோயின் வேரைத் தொடுவது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் போதும் என்று சொல்லும் வாயை டவருக்கு மறுபடி தருகிறது.

சிக்னல் முழுதாக இருந்தது என்று சொல்லியிருந்தீர்கள். அந்தக் கட்டங்கள் டவரின் குறியீட்டு ஒலிபரப்பு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. டவரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், உங்கள் வரிசை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் தெரியாது. தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்குவதும் ஷெட்யூலரின் வேலை இல்லை. அது கோர் நெட்வொர்க்கில் உங்கள் கணக்குக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, டவர் காலியாக இருந்தாலும் மாறாது.

உங்கள் கையில் இருப்பது என்ன? முக்கியமான அழைப்பை வோல்ட்டியில் பேசுங்கள். வாட்ஸ்ஆப்பில்தான் பேச வேண்டும் என்றால் டவுன்லோடை நிறுத்திவையுங்கள். வரிசை ஓரிரு விநாடியில் காலியாகிவிடும். டவுன்லோடு ஆப்பில் வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால், உங்களுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் வேகத்தில் பாதியை வையுங்கள். அப்போது வரிசை டவரில் சேராது. வீட்டு ஃபைபருக்கு 90 சதவீதம் போதும், மொபைலில் வேகம் ஏறியிறங்குவதால் இவ்வளவு இடைவெளி தேவை. வேகத்தைச் சோதிக்கும்போது, டவுன்லோடு நடக்கையில் எவ்வளவு பிங் (ஒரு பாக்கெட் போய்வரும் நேரம்) என்று தனியாகக் காட்டும் சோதனையைப் பயன்படுத்துங்கள். சும்மா இருக்கும்போது 40 மில்லி விநாடியும் ஓடும்போது 800-ம் வந்தால் உங்கள் சிக்கல் வேகமல்ல, வரிசை.

அப்லோடையும் மறக்காதீர்கள். அங்கே வரிசை உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. போன் முதலில் அனுமதி கேட்க வேண்டும், தன்னிடம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், டவர் இடம் ஒதுக்கிய பிறகே அனுப்பலாம். அப்லோடு வேகம் பொதுவாகக் குறைவு, ஆகவே அதே அளவு தேக்கம் அதிக நேரம் நிற்கும்: 1 மெகாபைட், 2 மெகாபிட் வேகம் என்றால் 4 விநாடி. போட்டோ, வீடியோ பேக்கப் பின்னணியில் ஓடும்போது நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காமல் அவர் பேசுவது மட்டும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால், காரணம் பெரும்பாலும் இதுவே. பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.